அந்தத் தகப்பனாருக்கு ஒரு பதில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் கல்விப் பக்கத்தில் ஒரு தகப்பனார் கேட்டிருந்த கேள்வியையும், அதற்குக் கொடுக்கப்பட்ட பதிலையும் படித்தேன். அவர் எங்களைப் போலக் கலிபோர்னியாவில் இருப்பவர். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். சினிமாதான் படிப்பேன் என்று ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்து, ஐந்திலும் இடம் இல்லை என்று வந்துவிட்டது. பிள்ளை அறையை விட்டு வெளியே வருவதில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். பதில் எழுதியவர், மதிப்பெண் குறைந்த பிள்ளைகள் போகிற, கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டு வருட அரசுக் கல்லூரியில் காலத்தை வீணாக்க வேண்டாம், கிடைக்கிற இடத்தில் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்த்துவிடுங்கள், சினிமா பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று ஆலோசனை சொல்லியிருந்தார்.

அந்தப் பதிலைப் படித்துவிட்டு எனக்கு இரண்டு நாள் மனசு சரியில்லை. அந்தப் பெண் இப்போது இருக்கிற இடத்தில்தான் இரண்டு வருடத்துக்கு முன்பு என் மகள் இருந்தாள். இந்த வருடம் ஏப்ரல் கடைசியில் அவளுக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் பில்ம் ஸ்கூலில் மூன்றாம் ஆண்டு மாணவியாக இடம் கிடைத்திருக்கிறது. போனது அந்தக் கம்யூனிட்டி காலேஜ் வழியாகத்தான். எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுத வேண்டாம் என்று மகள் கேட்டுக்கொண்டதால் பெயரைச் சொல்லவில்லை. மற்றதை எல்லாம் சொல்கிறேன். இடம் இருந்தால் முழுவதையும் போடுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் சிவகாசி. இங்கே ஆர்டீசியாவில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். கணவருக்குக் கிடங்கு ஒன்றில் இரவு ஷிப்ட். கையில் பணம் புரளும் குடும்பம் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மகள் முதல் தடவை விண்ணப்பித்தபோது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் சொல்லி, விண்ணப்பத்தைச் சரிசெய்து கொடுக்கும் ஒரு தனியார் ஆலோசகரிடம் போனோம். 1,800 டாலர் வாங்கினார். மகள் எழுதிக்கொண்டு போன கட்டுரையைப் பார்த்துவிட்டு, இதில் உங்கள் கலாசாரம் எங்கே என்று கேட்டாராம். நாலு தடவை மாற்றி எழுதிய பிறகு வந்த கட்டுரையில், என் மகள் பாட்டியின் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து மஞ்சள் வாசத்தில் கதை சொல்லக் கற்றுக்கொண்டதாக இருந்தது. அவள் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்பே என் அம்மா இறந்துவிட்டார். அந்தக் கட்டுரையை நான் அப்போதே படித்திருந்தால் நிறுத்தியிருப்பேன். எல்லா இடத்திலிருந்தும் இல்லை என்று வந்த பிறகுதான், ஒரு சனிக்கிழமை இரவு, எனக்குப் படித்துக் காட்டினாள். படித்து முடித்துவிட்டு, "இது நான் இல்லைம்மா, அதான் எடுக்கலையோ என்னவோ" என்றாள். பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது, பணம் கொடுத்த எங்களுக்குத் தெரியவில்லை.

அந்த வருடம் தீபாவளிக்கு நண்பர்கள் வீட்டில் கூடியிருந்தோம். உங்க பொண்ணு எங்க சேர்ந்திருக்கா என்று ஒருவர் கேட்டார். ஒரு வருடம் இடைவெளி விட்டிருக்கிறாள் என்று பொய் சொன்னேன். அப்போது அவள் காலேஜில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பின்னால் தட்டோடு நின்றிருந்தாள், கேட்டுவிட்டாள். திரும்பி வரும்போது காரில் ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும், "நான் படிக்கிறதைச் சொல்ல உங்களுக்கு ஏன்மா வெட்கமா இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். உங்கள் பக்கத்தில் அந்தப் பதிலைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்த வாசல்தான். எத்தனை தாய் தகப்பன் அதைப் படித்துவிட்டு, என்னைப் போலப் பொய் சொல்லப் போகிறார்களோ.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் என்பது மதிப்பெண் குறைந்தவர்களை ஒதுக்கி வைக்கிற இடமாக உண்டானது இல்லை. 1960-ல் இந்த மாநிலம் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் போட்டது. முதல் இரண்டு வருடத்தைக் கம்யூனிட்டி காலேஜில் முடித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு, மாநிலப் பல்கலைக்கழகங்கள் மூன்றாம் ஆண்டில் இடம் வைத்திருக்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. இன்று மாநிலத்தில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. படிப்பை யூனிட் என்ற அளவில்தான் கணக்கிடுகிறார்கள். இங்கே குடியிருப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்குக் கட்டணம் 46 டாலர். டிரான்ஸ்பருக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போவதற்கு, வேண்டிய 60 யூனிட்டையும் படித்து முடிக்க 2,760 டாலர். முதல் தடவையாக முழுநேரம் படிக்கிற பிள்ளைகளுக்குப் பல காலேஜ்களில் அதையும் தள்ளுபடி செய்கிறார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒரு வருடக் கட்டணம் மட்டும் 14,000 டாலருக்கு மேல். பேர்பெற்ற தனியார் பில்ம் ஸ்கூல்களில் ஒரு வருடத்துக்கு 70,000 டாலருக்கு மேலும் போகிறது, தங்குவதும் சாப்பாடும் தனி. ஆலோசகருக்கு நாங்கள் கொடுத்த பணத்தில் என் மகள் 39 யூனிட் படித்திருக்கலாம்.

தமிழ்நாட்டிலிருந்து நேராக இங்கே படிக்க வர நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒரு யூனிட்டுக்குச் சில நூறு டாலர் ஆகும். ஆனாலும் நான்கு வருடப் படிப்போடு பார்த்தால் குறைவுதான்.

இந்த வழியில் போனவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. ஜார்ஜ் லூகாஸ் மொடெஸ்டோ ஜூனியர் காலேஜில் படித்துவிட்டுத்தான் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சினிமாப் பள்ளிக்குப் போனார். எனக்கு அவரைவிட சார்லஸ் பர்னெட்டைத்தான் பிடிக்கும். லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் வளர்ந்த கறுப்பினத்தவர். லாஸ் ஏஞ்சலஸ் சிட்டி காலேஜில் எலெக்ட்ரிக் வேலைக்கான படிப்பில் சேர்ந்தவர், அங்கிருந்து கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யூ.சி.எல்.ஏ.வுக்குப் போய் சினிமா படித்தார். படிப்பை முடிப்பதற்காக, இறைச்சிக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு மனிதரின் குடும்பத்தைப் பற்றித் தன் பகுதியிலேயே வார இறுதிகளில் ஒரு படம் எடுத்தார். அந்தப் படம் 1990-ல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. இதெல்லாம் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளுக்கு அவளுடைய காலேஜ் வாத்தியார் சொன்னது.

அந்த வாத்தியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருடம் டி.வி. நிகழ்ச்சிகளுக்குச் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட்டாக இருந்தவராம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வருவார். முதல் செமஸ்டர் முழுக்கக் கேமராவைத் தொட விடவில்லை. ஒரு ரெக்கார்டரைக் கையில் கொடுத்து, உங்கள் வீட்டில் மற்றவர் வீட்டில் கேட்காத சத்தம் என்ன இருக்கிறது, பிடித்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார். வகுப்பில் என் மகளோடு படித்தவர்களில் ராணுவத்திலிருந்து திரும்பிய 41 வயதுக்காரர் ஒருவர் இருந்தார். ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துவிட்டு, இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிற ஒரு பெண் இருந்தார். வெள்ளிக்கிழமை கருவி வாங்கினால் திங்கள் காலை ஒன்பதுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். டிரைபாடைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போவாள். மழை நாளில் என் பழைய துப்பட்டாவை அதற்குச் சுற்றியிருப்பாள்.

வீட்டில் கேட்கிற சத்தம் என்று அவள் பிடித்துக்கொண்டு போனது காலண்டர் தாள் கிழிகிற சத்தம்.

என் அப்பா சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் மிஷின்மேனாக இருந்தவர். வேலையை விட்ட பிறகும், வருடா வருடம் ஆடி பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பங்கள் வெளியானதும் பழைய முதலாளியிடம் சொல்லிவைத்து, ஒரு தினசரி காலண்டரை எடுத்துவைத்து, இங்கே வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். மேலே முருகன் படம், கீழே தாள் கட்டு. அதில் போட்டிருக்கும் ராகு காலமும் நல்ல நேரமும் இந்த ஊருக்கு உதவாது. ஆனாலும் சமையலறையில் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டி வைப்பேன். தாளைக் காலையில் கிழிக்க மாட்டேன். ராத்திரி எட்டு மணிக்குக் கிழிப்பேன். அப்போது அங்கே மறுநாள் காலை எட்டரை, குளிர்காலம் என்றால் ஒன்பதரை. கிழித்துவிட்டு அப்பாவுக்குப் போன் போடுவேன். அவரும் அங்கே அதே தேதியில் உட்கார்ந்திருப்பார். "சாப்பிட்டியா தாயி" என்பதுதான் முதல் வார்த்தை. இப்படி ஒரு வழக்கம் எனக்கு இருக்கிறது என்பதே, மகள் ரெக்கார்டரை நீட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவளுடைய இரண்டாவது செமஸ்டரில் அப்பா இறந்துபோனார். செய்தி வந்த இரவே கிளம்பிவிட்டேன். பதினாறாம் நாள் காரியம் முடித்துத் திரும்பி வர 18 நாள் ஆனது. வந்து சமையலறைக்குள் நுழைந்தால், காலண்டர் நான் விட்டுப்போன 27-ஆம் தேதியிலேயே நிற்கிறது. ஏன் கிழிக்கவில்லை என்று கேட்டேன். "அது நீங்க கிழிக்கிறதுதானேம்மா" என்றாள். அன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்கு 18 தாளையும் ஒன்றொன்றாகக் கிழித்தேன். கிழித்துவிட்டுக் கை போனுக்குப் போனது. யாருக்குப் போடுவது? அப்படியே நின்றேன். அவள் எனக்குப் பின்னால் போனை வைத்து அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. நான் ஊரில் இருந்த 18 நாளும் ராத்திரி எட்டு மணிக்கு, சாம்பார்ப் பொடி டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்து, யாரும் கிழிக்காத அந்தக் காலண்டரைத் தினமும் ஒரு நிமிடம் எடுத்து வைத்திருந்தாள். அதுவும் எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தது ஏழு மாதம் கழித்து, இரண்டாம் தடவை விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தபோது. சில பில்ம் ஸ்கூல்களில் எடுத்த படத்தைக் கேட்பார்கள், சில இடங்களில் எழுத்து மட்டும்தான். படம் கேட்ட இடத்துக்கு இந்த மூன்று நிமிடப் படத்தைத்தான் அனுப்பப் போவதாகச் சொல்லிக் காட்டினாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் அப்பா செத்த துக்கம் உனக்குக் காலேஜ் சீட்டுக்கா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் பதில் சொல்லவில்லை. என் கணவர் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், பையைக் கீழே வைத்துவிட்டு, "நீ எங்ககிட்டக்கூட அழலை. பாத்தது அவ ஒருத்திதான், அதை எடுத்து வச்சிருக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். ராத்திரி தூக்கம் வராமல், நானே அந்தப் படத்தை இன்னும் மூன்று தடவை பார்த்தேன்.

காலையில் சரி என்றேன். ஆனால் என் முகம் இருக்கக் கூடாது, கை மட்டும் இருக்கட்டும் என்றேன். அப்புறம் கூட வைக்கிற கட்டுரையைப் படித்துக் காட்டச் சொன்னேன். அதில் தாத்தா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்ததாக எழுதியிருந்தாள். சிவகாசி என்றால் தீப்பெட்டி, பட்டாசு என்று யாரோ சொன்னதை வைத்து எழுதிவிட்டாள். அவளுக்கு உட்கார்ந்து சொன்னேன். தாத்தாவின் நகக்கண்ணில் மை எப்போதும் இருக்கும், கல்யாண வீட்டுக்குப் போகும்போது மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பார். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நாலு கலரும் ஒன்றின் மேல் ஒன்று மயிரிழை விலகாமல் உட்கார வேண்டும். விலகினால் சாமி முகம் இரண்டாகத் தெரியும். லென்ஸைக் கண்ணில் வைத்துக் குனிந்து பார்த்து, "ரெஜிஸ்டர் நிக்கிது" என்று அவர் சொன்ன பிறகுதான் மிஷின் ஓடும். சின்ன வயதில் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோன எனக்கு, அந்த லென்ஸில் முருகன் முகத்தைக் காட்டியிருக்கிறார். முகம் தெரியாது, வெறும் புள்ளி புள்ளியாகத் தெரியும். இரண்டு மணி நேரம் பேசியிருப்பேன். அவள் எழுதவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தாள். இன்னொரு கட்டுரைக்கு அதைத்தான் எழுதினாள்.

ஆசிரியர் அவர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். பதினேழு வயதில் அவளிடம் கேட்டபோது அவளுக்கென்று சொல்ல ஒன்றும் இல்லை, அதனால்தான் கூலிக்கு ஒருவர் எழுதிய அஞ்சறைப் பெட்டி உள்ளே வந்தது. பத்தொன்பது வயதில் இருந்தது. அந்த இரண்டு வருடம் வீணானது என்று உங்கள் பக்கத்தில் எழுதுகிறவர் சொன்னால், நான் எப்படி ஒப்புக்கொள்வேன்?

வழி சுலபம் என்று சொல்லவில்லை. நாங்கள் இடறிய இடங்களையும் அந்தத் தகப்பனார் தெரிந்துகொள்ளட்டும். பிள்ளைகள் சினிமா வகுப்பாக எடுத்துத் தள்ளுவார்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்பர் ஆக, ஆங்கிலக் கட்டுரை வகுப்பு இரண்டும் கணக்கு வகுப்பு ஒன்றும் கட்டாயம். சேருவதற்கு முந்தைய வசந்தகால செமஸ்டருக்குள் முடித்திருக்க வேண்டும். எங்களுக்குக் காலேஜில் படிப்பு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் ஒருவர், கணக்கைக் கடைசி செமஸ்டரில் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். கடைசி செமஸ்டரில் பதிவு செய்யப் போனால் புள்ளியியல் வகுப்பு நிரம்பிவிட்டது, காத்திருப்போர் பட்டியலில் ஒன்பதாவது ஆள். முதல் வாரம் முழுக்க வகுப்புக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்து, சிலர் விலகிய பிறகு இடம் கிடைத்தது. அது கிடைக்காமல் போயிருந்தால் ஏப்ரலில் வந்த கடிதத்துக்கு மதிப்பே இல்லை. ஆகவே கணக்கை முதல் வருடமே முடிக்கச் சொல்லுங்கள்.

எந்தக் காலேஜில் படிக்கும் எந்த வகுப்பை எந்தப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு அசிஸ்ட் என்று மாநிலத்தின் இணையதளம் இருக்கிறது. யார் என்ன சொன்னாலும் அதில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். பொதுப்பாடங்களை ஒரே தொகுப்பாக முடிக்க ஒரு பட்டியல் உண்டு. என் மகள் காலத்தில் அதற்கு ஐஜெட்சி என்று பெயர். 2025 இலையுதிர்காலத்திலிருந்து புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கால்-ஜெட்சி.

அப்புறம் டேக் என்று ஒன்று. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள், சொன்ன மதிப்பெண்ணும் வகுப்புகளும் இருந்தால் இடம் நிச்சயம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கின்றன. டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ். யூ.சி.எல்.ஏ., பெர்க்லி, சான் டியகோ மூன்றிலும் இது கிடையாது. ஒரு வளாகத்துக்கு மட்டும்தான் போட முடியும், செப்டம்பர் மாதத்துக்குள் போட வேண்டும். எந்தப் படிப்புக்கு உண்டு, எதற்கு இல்லை என்று அந்தந்த வளாகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் ஓரிடத்தில் போட்டோம். அந்த உத்தரவாதம் கையில் வந்த பிறகுதான் என் கணவர் பகலில் நிம்மதியாகத் தூங்கினார். அதை வைத்துக்கொண்டு, கடினமான பில்ம் ஸ்கூல்களுக்குப் பயமில்லாமல் போட்டாள்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் எல்லா வளாகங்களுக்குமான பொது விண்ணப்பம் நவம்பர் கடைசிக்குள். அதில் நாலு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 350 வார்த்தைக்கு மேல் போகக் கூடாது. சினிமாத் துறைகள் பல இதற்கு மேல் தனியாக ஒரு விண்ணப்பம் கேட்கின்றன. அதற்கு வேறு தேதி, வேறு கட்டுரைகள், வாத்தியார்களின் பரிந்துரைக் கடிதங்கள். பொது விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, இதை மறந்து இடத்தை விட்ட பிள்ளைகள் உண்டு. ஜனவரியில் இலையுதிர்கால மதிப்பெண்களைப் பதிவேற்ற வேண்டும், அதற்கு மாதக் கடைசிவரை நேரம். என் மகள் 30-ஆம் தேதி இரவு பதினோரு மணிக்குத்தான் பதிவேற்றினாள், நான் பக்கத்தில் நின்றேன். இன்னொன்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். சில பில்ம் ஸ்கூல்களில், பொதுப்பாடம் முடித்துவிட்டு வந்தாலும், படமெடுக்கும் வகுப்புகளை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அப்படியானால் இரண்டு வருடம் மூன்றாகும். செலவுக் கணக்கு மாறும்.

ஒரு துறையிலிருந்து வீடியோவில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். இருபது நிமிடம். சமையலறையில்தான் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று காலண்டருக்கு முன்னால் உட்கார்ந்து பேசினாள். நான் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் இருந்தேன். அந்தப் பெண்மணியின் முகத்தை ஏன் காட்டவில்லை என்று கேட்டார்கள். அவர் கைக்குத்தான் அனுமதி கொடுத்தார் என்று சொன்னாள். பிறகு கொஞ்ச நேரம் அவர்கள் பக்கம் சத்தமே இல்லை. கெட்டுப்போனது என்றே நினைத்தேன். அந்த இடம்தான் கிடைத்தது. வேறு ஓரிடத்தில் இந்தத் தடவையும் இல்லை என்றுதான் வந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை.

செய்தியை முதலில் என் அண்ணனுக்குச் சொன்னாள். அவருக்கு ஒரு காலத்தில் அடையாறு பிலிம் இன்ஸ்டிட்யூட்டில் ஒளிப்பதிவு படிக்க ஆசை. விண்ணப்பம் வாங்கவே அப்பா காசு கொடுக்கவில்லை. கலர் பார்க்கத் தெரிந்தவனுக்கு பிரஸ்ஸில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அண்ணன் இன்றும் அச்சுக்கு பிளேட் போடும் கடை வைத்திருக்கிறார். அப்பாவைக் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த உலகத்தில் பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது என்று நினைத்தார். மகள் போனில் சொன்னதும் அண்ணன் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்ன கேமரா குடுப்பாங்க தாயி?" என்று கேட்டார். அப்பா கூப்பிடுகிற மாதிரியே தாயி என்றார். அரை மணி நேரம் லென்ஸைப் பற்றியே இரண்டு பேரும் பேசினார்கள்.

உங்கள் கல்விப் பக்கத்தில் பொறியியல், மருத்துவம் என்று வாரம் தவறாமல் முழுப்பக்கம் வருகிறது. வரட்டும். சினிமா படிக்க நினைக்கிற பிள்ளைகளுக்கும் வருடத்தில் ஒரு தடவையாவது, விவரம் தெரிந்தவரை வைத்து எழுதச் சொல்லுங்கள். ஒரு பிள்ளையின் இரண்டு வருடத்தை வீண் என்று சொல்வதற்கு முன்னால், அந்த வழியாகப் போனவர்கள் ஒருவரிடமாவது கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

அந்தத் தகப்பனார் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன். ஐயா, கம்யூனிட்டி காலேஜில் சேர மதிப்பெண் எல்லை ஏதும் இல்லை, கட்டுரையும் கேட்க மாட்டார்கள். வகுப்புகள் பெரும்பாலும் ஆகஸ்ட் நடுவிலோ கடைசியிலோதான் தொடங்கும், இன்னும் பதிவு செய்யலாம். கணக்கும் ஆங்கிலமும் நிரம்புவதற்குள் முதலில் அவற்றைப் போடச் சொல்லுங்கள். உங்கள் மகளுக்கு என் மகளிடம் ஏதாவது கேட்க வேண்டும் என்றால், ஆசிரியருக்கு எழுதுங்கள். என் முகவரியை அவரிடம் கொடுத்திருக்கிறேன். பேசுவதாக மகளும் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆர்டீசியா, கலிபோர்னியா.